குறுக்குப் போட்ட படகு

சுவரைப் பார்த்து எவனும் ஓட்டுப் போடுவதில்லை என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சொல்ல எனக்கு உரிமை இருந்தது. பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் எந்தத் தேர்தல் வந்தாலும் சுவர் எழுதியது இந்தக் கைதான். ஜெயித்தவனுக்கும் எழுதினேன், டெபாசிட் போனவனுக்கும் எழுதினேன். இரண்டு பேருக்கும் ஒரே நீலம், ஒரே பிரஷ். சுவரால் ஓட்டு விழும் என்றால் நான் கவர்னரையே மாற்றியிருப்பேன் என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வேன். ஜனங்கள் சிரிப்பார்கள். பெயிண்டர் நாகமுத்துவுக்கு வாய் அதிகம் என்பார்கள். உண்மைதான்.

பழவேற்காடு ஏரியை ஒட்டி எங்கள் குப்பம். குப்பத்திலிருந்து ஏரிக்குப் போக ஒரு ஓடை உண்டு. படகெல்லாம் அந்த வழியாகத்தான் போய்வரும். ஓடைக்கு மேற்கே ஊர். ஊர் என்றால் நெல் நிலம் வைத்திருப்பவர்கள். அவர்களில் பெரிய கை அருணாச்சலம். உப்புத் தண்ணீர் வயலில் ஏறுகிறது என்று அறுபத்தெட்டில் அவர் ஓடையை மறித்து மண் கரை போட்டார். அவர் வயல் பிழைத்தது, பொய் சொல்லக் கூடாது. நாங்கள்தான் செத்தோம். படகைத் தோளில் தூக்கி ஒரு மைல் சுமந்து ஏரியில் இறக்க வேண்டும். திரும்பி வரும்போது மீனையும் சுமக்க வேண்டும். கூடை வெயிலில் கிடந்து நாறும். வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி விலை சொல்வான்.

ஓடை புறம்போக்கு. கரையை எடுக்கச் சொல்லிப் பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தால் போதும், மறுநாளே ஆள் அனுப்புகிறேன் என்று தாசில்தார் சொல்லிவிட்டார். ஆனால் பஞ்சாயத்துத் தலைவர் யார்? அருணாச்சலமேதான்.

அதனால் எழுபதாம் வருஷத் தேர்தலில் என் அக்கா புருஷன் கலியன் அவரை எதிர்த்து நின்றார். குப்பத்திலிருந்து ஒருவன் நிற்பது அதுதான் முதல் தடவை. அதுவரை ஓட்டுச் சாவடி ஊரில்தான் இருந்தது. எங்கள் ஆண்கள் மட்டும் கரை தாண்டிப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். பெண்கள் போனதே இல்லை. இந்த முறை குப்பத்துப் பள்ளிக்கூடத்திலேயே சாவடி வைப்பதாக உத்தரவு வந்தது. பெண்களும் போட்டால் ஊரைவிட எங்களுக்கு நாற்பது தலை அதிகம். ஜெயிப்பு கையில் இருந்தது.

சின்னம் குலுக்கிப் போட்டார்கள். அங்கேதான் விதி விளையாடியது. ஏர் பிடிக்கிற அருணாச்சலத்துக்குப் படகு விழுந்தது. வலை வீசுகிற கலியனுக்கு மண்வெட்டி விழுந்தது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

அருணாச்சலம் சிரிக்கவில்லை. மறுநாளே தன் கையாள் தேசப்பனை என்னிடம் அனுப்பினார். தேசப்பன் நல்ல உயரம், மெதுவாகப் பேசுவான், அடிக்கும்போதும் மெதுவாகத்தான் அடிப்பான்.

"குப்பத்துல கீற அத்தினி சொவத்துலயும் படகு வரணும்னு ஐயா சொல்றாரு. உன்ன மாதிரி படகு எழுத யாரால முடியும், நைனா? படகப் பார்த்தா உங்க ஜனங்க கை தானா அதுக்குப் போவும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சுவரைப் பார்த்து எவன் ஓட்டுப் போடப் போகிறான்? வேலை வேலைதானே என்று ஒப்புக்கொண்டேன். பள்ளிக்கூடத்துச் சுவர், இறால் கொட்டகை, ஐஸ் ஷெட், என் வீட்டுச் சுவர் உட்படப் பதினான்கு இடத்தில் எழுதினேன். என் கலியன் மாமாவுக்கும் மண்வெட்டி எழுதினேன், சும்மாவே. ஊர்ப்பக்கம் எழுதினால் சின்னத்துக்குப் பக்கத்தில் முத்திரை எப்படிக் குத்த வேண்டும் என்று ஒரு பெருக்கல் குறியும் போட்டுக் காட்டுவேன். குப்பத்தில் அதைப் போடவில்லை. நம்ம ஜனங்கள்தானே, வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்ற சோம்பல். ஆனால் படகை மட்டும் அணுஅணுவாக எழுதினேன். முன்பக்கத்து அணியம் தூக்கி, பாய் விரிந்து, கீழே இரண்டு அலை. எழுதி முடித்துவிட்டுத் தள்ளி நின்று நானே ரசித்தேன். அந்தக் கர்வத்துக்கு இப்போது என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

என் தம்பி சின்னராசு ஏரியிலிருந்து வந்தான். இருபத்தாறு வயசு, கல்யாணமாகி ஒரு வருஷம். அன்றைக்கும் படகைத் தோளில் சுமந்துதான் வந்தான். தோள் தோலுரிந்து சிவந்திருந்தது.

"இன்னாண்ணா எழுதிக்கினு கீறே?"

"தெரியல? படகு."

"யாரு படகு?"

"சின்னம்டா. சொவத்துல கீற படகு தண்ணில போவுதா? வேலையப் பாத்துக்கினு போ."

"நம்ம படகத் தண்ணில உடாதவனுக்கு, நீயே படகு எழுதித் தர்றியா? வெக்கமா இல்ல உனக்கு?"

சொல்லிக்கொண்டே என் பெயிண்ட் டப்பாவை எட்டி உதைத்தான். நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் என்னைச் சுவரில் மோதி, மூக்கில் ஒரு குத்து விட்டான். ரத்தம் என் சட்டையிலும் கொட்டியது, நான் எழுதிய அலையிலும் கொட்டியது. அக்கா வந்து நடுவில் விழுந்து பிரித்தாள். அன்று சாயங்காலமே அவன் சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பதினான்கு படகையும் வெள்ளையாக அழித்துவிட்டான்.

இப்போது நான் சொல்லப்போவதை என் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. மறுநாள் காலை மூக்கு வீங்கிய கோபத்தில் நானே தேசப்பனைத் தேடிப் போனேன். "அழிச்சது என் தம்பிதான், நான் இல்ல. என் வேலைல கொற சொல்லாத. மறுபடி எழுதித் தரேன்" என்றேன். தேசப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். "நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்றான். அண்ணன் என்று நான் செய்த காரியம் இது.

உச்சி வெயிலில் சின்னராசு படகைத் தூக்கிக்கொண்டு கரை மேல் ஏறியிருக்கிறான். முன்னால் அவன், பின்னால் இரண்டு பேர். கரையில் அருணாச்சலத்தின் ஆட்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு உடைப்பு அடைத்துக்கொண்டிருந்தார்கள். தேசப்பனும் நின்றான். சத்தம் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் படகு கவிழ்ந்து கிடந்தது. மற்ற இரண்டு பேரும் ஓடைச் சேற்றில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். தம்பி படகுக்கு அடியிலிருந்து ஒரு கையை ஊன்றி வெளியே வந்தான். தேசப்பன் பக்கத்திலிருந்தவனிடம் மண்வெட்டியை வாங்கினான், ஏதோ தண்ணீர் வாங்கிக் குடிப்பவன் மாதிரி. முதல் வெட்டு தோளில், அந்தத் தோலுரிந்த இடத்தில். இரண்டாவது தலையில். மூன்றாவதுக்குத் தேவையே இல்லை, ஆனாலும் போட்டான். மண்வெட்டி சிக்கிக்கொண்டது. காலால் தம்பியின் மார்பை மிதித்து அதை இழுத்தான்.

நான் அவன் மேல் பாய்ந்தேன். யாரோ மண்வெட்டிக் காம்பால் என் விலாவில் அடித்தார்கள், மூச்சு நின்றது. சேற்றில் கிடந்தபடியே தம்பியின் கண் ஈரமாகத் திறந்திருப்பதைப் பார்த்தேன்.

அதன்பிறகு குப்பத்துக்குப் பைத்தியம் பிடித்தது. அன்று மாலையே அருணாச்சலத்தின் வைக்கோல் போர் மூன்றும் எரிந்தன. அவர் மாட்டுக் கொட்டகைக்காரன் ஒருவனின் கையை எங்கள் ஆட்கள் துடுப்பால் உடைத்தார்கள், அவன் கரைப் பக்கமே வராதவன். போலீஸ் லாரியில் வந்து குப்பத்தில் பானை, வலை, எலும்பு எல்லாவற்றையும் பார்த்து அடித்தது. கலியனையும் பதினொரு பேரையும் பொன்னேரி லாக்கப்பில் போட்டார்கள். தேசப்பன் மட்டும் கிடைக்கவில்லையாம். மிச்சமிருந்த ஆண்கள் படகோடு ஏரிக்குள் போய்த் தீவுத் திட்டில் ஒளிந்துகொண்டார்கள். குப்பத்தில் பெண்கள், கிழங்கள், விலா கட்டிய நான். தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது. யாருக்கு எப்படி ஓட்டுப் போடுவது என்று வீடு வீடாகச் சொல்ல என்னைத் தவிர ஒரு ஆண் இல்லை, எனக்கும் அது தோன்றவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். ஒருவன் அகாலச் சாவு செத்தால் அவன் படகை மறுபடி தண்ணீரில் இறக்க மாட்டோம். அணியத்தில் தாரால் பெருக்கல் மாதிரி இரண்டு கோடு இழுத்து மேட்டில் கவிழ்த்துவிடுவோம். அதைக் குறுக்கு என்போம். குறுக்கு விழுந்த படகு செத்த படகு. எங்கள் பெண்கள் சண்டையில் உச்சமாகத் திட்டுவதுகூட "உன் மேல குறுக்கு வியட்டும்" என்றுதான். மூன்றாம் நாள் தம்பியின் படகுக்கு நான்தான் குறுக்குப் போட்டேன். வழக்கப்படி பெண்கள் ஒவ்வொருவராக வந்து மண்ணை வாரி அதன் மேல் வீசித் துப்பினார்கள். தம்பி பெண்டாட்டி பச்சையம்மா மட்டும் துப்பவில்லை. தாலி அறுத்த கழுத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தப் போயி கொல்றியே மாமா. கொன்னவன் படகு அங்க நல்லாத்தான கீது?" என்று கையை நீட்டினாள்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் படகு மறுபடி வந்திருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வேறொரு பெயிண்டரைக் கூட்டிவந்து, போலீஸ் காவலில் பதினான்கு இடத்திலும் எழுதியிருந்தார்கள். படகா அது, கத்தரிக்காய்க்குப் பாய் கட்டிய மாதிரி இருந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். விலா வலித்தது, அந்த வலியே வெறியை ஏற்றியது. தென்னை மட்டையைத் தாரில் தோய்த்துச் சுவர் பெயரும்படி அறைந்தேன். ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. குறுக்கு. பச்சையம்மா முன்னால் வந்து அதன் மேல் காறித் துப்பினாள். மற்ற பெண்களும் வந்தார்கள். அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர். பதினான்கு படகுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எண்பது வயசுக் குப்பம்மாள்கூடத் தடி ஊன்றிக்கொண்டு வந்து, "இன்னும் அய்த்திப் போடுடா" என்றாள். அழுத்திப் போட்டேன். தம்பி செத்ததிலிருந்து அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

மறுநாள் காலை போலீஸ் இன்ஸ்பெக்டர் அருணாச்சலத்தைக் கூட்டிவந்து சுவர்களைக் காட்டினார். கேஸ் எழுதவா என்று கேட்டது என் காதில் விழுந்தது. அருணாச்சலம் பதினான்கையும் நடந்து பார்த்தார். "வேணாம் சார். எரிச்சல்ல பண்ணிட்டாங்க. அப்பிடியே இருக்கட்டும், யாரும் தொட வேணாம்" என்றார். பயந்துவிட்டான் என்று நான் நினைத்தேன். பெண்களிடமும் அப்படியே சொன்னேன். அவர்களுக்குச் சந்தோஷம்.

ஓட்டுப் போடும் நாளன்று ஆண்கள் ஏரியிலிருந்து நேராகச் சாவடிக்கு வந்து போட்டுவிட்டு, போலீஸுக்குப் பயந்து நேராகத் திரும்பிவிட்டார்கள். பெண்கள் வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் பச்சையம்மா. தீட்டு கழியாதவள் வெளியே வரக் கூடாது என்று அக்கா தடுத்தும் கேட்கவில்லை. உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். விரலில் மை, முகத்தில் ஒரு தெளிவு. கலியன் மாமா ஜெயிப்பார், கரை உடையும், தம்பி செத்ததற்கு அந்த ஓடையாவது திறக்கும் என்று நான் உட்கார்ந்து அழுதேன்.

எண்ணிக்கை கும்மிடிப்பூண்டியில், யூனியன் ஆபீசில். கலியனுக்கு அன்று காலைதான் ஜாமீன் கிடைத்தது. போலீஸ் அடியில் இடது காது கேட்காமல் போய்த் தலையைச் சாய்த்தபடி வந்தார். ஊர்ப் பெட்டியில் எங்களுக்கு ஒன்பதே ஓட்டு, அது எதிர்பார்த்ததுதான். குப்பத்துப் பெட்டியைத் திறந்தார்கள். மண்வெட்டி, மண்வெட்டி என்று வந்துகொண்டிருந்தது. அப்புறம் படகு. படகு. மறுபடி படகு. எல்லாவற்றிலும் முத்திரை நட்டநடுவில், சீட்டே கிழியும்படி அழுத்திக் குத்தியது. குமாஸ்தா ஒரு சீட்டைத் தூக்கிப் பார்த்து, "பொம்பளைங்க கை நல்ல வலு" என்று சிரித்தார்.

ஓட்டு முத்திரையும் பெருக்கல் குறிதான். எனக்குத் தெரியாதா? பத்து வருஷம் ஊர்ச் சுவரெல்லாம் நானே எழுதிக் காட்டிய குறி அது. குப்பத்துப் பெட்டியில் மட்டும் படகுக்கு நூற்று முப்பத்தொன்று. அருணாச்சலம் ஜெயித்தார். எண்ணிய மேஜைக்கு அந்தப் பக்கம், கிடைக்காத தேசப்பன் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து மெதுவாக, "நீ எழுதினா எழுதினதுதான் நைனா" என்றான்.

நான் அவன் தொண்டையைப் பிடித்தேன். நாலு போலீஸ்காரர்கள் பிடித்து இழுத்து, படியில் உருட்டி, பூட்ஸ் காலால் விலாவிலேயே மிதித்தார்கள். கலியன் என்னைத் தூக்கி நிறுத்தினார்.

பெண்கள் படகு மேட்டில் காத்திருந்தார்கள். பச்சையம்மா ஓடி வந்தாள்.

"எத்தினி குறுக்கு வியுந்துச்சி மாமா?"

"நம்ம பொட்டில நூத்தி முப்பத்தொண்ணு."

தம்பி செத்த இந்த எட்டு நாளில் அவள் முகம் மலர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். பின்னால் நின்ற பெண்களிடம் திரும்பி எண்ணிக்கையைச் சொன்னாள். குப்பம்மாள் கையைத் தூக்கிக் கும்பிட்டாள். அப்போது ஊர்ப்பக்கம் வெடிச் சத்தம் கேட்டது, சரம் சரமாக.

"அங்க எதுக்கு வெடி வெக்கிறாங்க?"

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் நேராகச் சொன்னேன். "குறுக்கு யாரு மேல அதிகமா வியுதோ, அவன்தாம்மா தலைவரு."

அவளுக்குப் புரியவில்லை. தம்பியைக் கொன்றது மண்வெட்டி, அதைத் தொடக்கூட மாட்டேன் என்று வைராக்கியமாகப் போய், படகைத் தேடி அதன் மேல் குத்தியதாகச் சொன்னாள். நான் காட்டிய மாதிரியே அழுத்திக் குத்தியதாகச் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வேணும்ன்றவங்க மேலயா குறுக்கு போடுவாங்க?"

"ஓட்டுல அப்பிடித்தான்."

"உனக்கு அது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினா எங்கள ஒவ்வொரு சொவரா இஸ்துக்கினு போன?"

அவள் அழவில்லை, கத்தவில்லை. படகுக் கயிறு கட்டும் கல்லின் முன்னால் மண்டி போட்டு, வலது கையை அதன் மேல் ஓங்கி அறைந்தாள். மறுபடி அறைந்தாள். முத்திரை குத்திய கை. தோல் கிழிந்து கல் சிவந்தது. என் அக்கா அவளைக் கட்டிப் பிடிக்கப் பார்த்து விழுந்தாள். பின்னால் நின்றவர்களில் சிலர் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் குனிந்து என் வலது கையைக் கல்லின் மேல் வைத்தேன். பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் கிடந்த வலையில் கட்டும் குண்டுக் கல்லை இரண்டு கையாலும் தூக்கினாள். கலியன் மாமா பார்த்துக்கொண்டேதான் இருந்தார், தடுக்கவில்லை.

இரண்டு விரல் நசுங்கியது. அவள் கல்லைக் கீழே போட்டுவிட்டாள். இன்னும் போடு என்று நான் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.